கைமணத்துக்கு என்ன கூலி?

கல்பாத்தி அக்ரகாரத்தில் பலாச்சுளை அப்பளமாகும் மாதங்கள் இவை. பிள்ளைகளுக்குப் பரீட்சை வரும் மாதங்களும் இவைதான்.

காலை பதினொரு மணி. பாலக்காட்டு வெயிலுக்கு அதுவே உச்சிப் பொழுது. கல்பாத்தியில் ஒரு வீட்டின் பின்கட்டில் சின்ன மொட்டை மாடி. பாயின் மேல் பழைய வேட்டியை விரித்து, அதன்மேல் வரிசை வரிசையாகப் பொன்மஞ்சள் வட்டங்கள். மூலையில் ஒரு கறுப்புக் குடை. குடையின் நிழலில் நாலாம் வகுப்புப் பையன் ஒருவன், மடியில் மலையாளப் பாடப் புத்தகம், கையில் ஒரு நீளக் குச்சி. அவன் பரீட்சைக்குப் படிக்கிறான், காக்காயும் ஓட்டுகிறான். இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு வேலையையும் ரகசியமாகச் செய்கிறான். ஓரத்து அப்பளம் ஒன்றைப் பாதி ஈரத்தோடு பிய்த்து வாயில் போட்டுக்கொள்கிறான்.

"எண்ணி வெச்சிருக்கேன் கேட்டயா!" என்று கீழே இருந்து அம்மாவின் குரல். பையன் சட்டென்று புத்தகத்தைப் புரட்டுகிறான்.

நான் கல்பாத்திக்கு வந்தது அப்பளத்துக்காக அல்ல. ஒரு சொல்லுக்காக. மலையாள நாவல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருந்தபோது ‘கைப்புண்யம்' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. ஒரே அரிசி, ஒரே பருப்பு, ஒரே அடுப்பு; ஆனாலும் ஒருத்தி வைத்தால் மட்டும் ருசிக்கிறது என்றால் அவளுக்குக் கைப்புண்யம் உண்டு என்பார்கள் மலையாளிகள். நம் ‘கைமணம்' கிட்டத்தட்ட அதுதான். இருந்தாலும் மணம் வேறு, புண்ணியம் வேறு. இரண்டு மொழியையும் ஒரே வாயில் வைத்திருப்பவர்களிடம் கேட்டுவிடலாம் என்று ரயிலேறினேன். பழைய பெயரில் ஒலவக்கோடு, இன்றைய பெயரில் பாலக்காடு ஜங்ஷன். அங்கிருந்து ஆட்டோவில் சில நிமிடங்களில் கல்பாத்தி.

கோயம்புத்தூர் தாண்டி வாளையாறு வந்ததும் காற்று மாறுவதை ரயில் ஜன்னலில் உணரலாம். மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டு நிற்கிறது. அந்த வழியாகத்தான் தமிழ்நாட்டின் உலர்ந்த காற்று கேரளத்துக்குள் நுழைகிறது. அந்த வழியாகத்தான் பல நூற்றாண்டுகளுக்கு முன் தஞ்சாவூர், மதுரைப் பக்கங்களிலிருந்து பிராமணக் குடும்பங்களும் நுழைந்தன என்பது இங்குள்ளவர்கள் சொல்லும் பூர்வ கதை. கேரளத்தின் மற்ற ஊர்களில் மாசி, பங்குனியில் வியர்த்துக் கொட்டும். இங்கே வியர்வையே காய்ந்துவிடும். சில நாட்களில் வெயில் 40 டிகிரியைத் தொடும். வடாம் போடுபவர்களுக்கு இதைவிடத் தோதான ஊர் கிடைக்காது.

கல்பாத்திப் புழை ஊரின் வடக்கு எல்லை. மலம்புழை, வாளையாறு, கோரையாறு, வரட்டாறு ஆகியவற்றின் தண்ணீர் சேர்ந்த ஆறு இது. பறளியில் கண்ணாடிப் புழையோடு சேர்ந்து பாரதப்புழை ஆகிறது. ஆற்றின் தென்கரையில் விசுவநாத சுவாமி கோயில். தெருவிலிருந்து படியிறங்கிப் போக வேண்டும் என்பதால் ‘குண்டம்பலம்' என்றும் பெயர். காசியில் பாதி கல்பாத்தி என்பார்கள்.

இந்தக் கோயிலுக்குப் பின்னால் ஒரு பெண் இருக்கிறார். லட்சுமி அம்மாள் என்ற விதவை காசிக்குப் போய் லிங்கம் கொண்டுவந்தார். அதற்கு ஒரு கோயில் எழுப்பச் சொல்லி 1320 பொற்காசுகளைப் பாலக்காட்டு மன்னர் இட்டிக்கோம்பி அச்சனிடம் ஒப்படைத்தார் என்கிறது தல வரலாறு. ஆண்டு 1425 என்று கணக்கிடுகிறார்கள். லட்சுமி அம்மாளைப் பற்றி வேறு எதுவும் தெரியாது. ஆனால் அவர் கொடுத்த தொகை மட்டும் ஆறு நூற்றாண்டுகளாக யாருக்கும் மறக்கவில்லை. தேர்த் திருவிழாவுக்கு நவம்பரில் வருபவர்களுக்கு இன்றும் அந்த எண்ணைச் சொல்கிறார்கள். அன்று மாலை கோயில் படியில் உட்கார்ந்திருந்தபோது இது எனக்குப் பெரிதாகப் படவில்லை. மறுநாள் ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பார்த்த பிறகுதான் அந்த 1320 திரும்ப ஞாபகத்துக்கு வந்தது.

நோட்டுப் புத்தகத்துக்குச் சொந்தக்காரர் மாடியில் காக்காய் ஓட்டும் பையனின் அம்மா. வயது நாற்பதுக்குள். கணவர் கோயம்புத்தூரில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். காலை ரயிலில் போய் ராத்திரி ரயிலில் திரும்புகிறார். வீட்டில் எழுபது கடந்த மாமியார். "வரணும், வரணும். திண்ணையில வேண்டாம், உள்ளே வாங்கோ. வெளியில ஒரே காத்தாக்கும்" என்று வரவேற்ற தமிழில் பாதி மலையாள ராகம். பேச்சு தமிழ், படிப்பு மலையாளம். தமிழ் எழுத்துக்களை அவருக்குப் படிக்கத் தெரியாது. பாலக்காட்டுத் தமிழர்களில் பெரும்பாலோர் கதை இதுதான். தமிழ் அவர்களுக்கு வாயில் இருக்கிறது, கையில் இல்லை.

கையில் இருப்பது வேறு. சக்கை அப்பளாம் (பலாவை இங்கே சக்கை என்றே சொல்கிறார்கள்) எப்படிச் செய்வது என்று கேட்டால் அவர் பதில் சொல்வதில்லை. செய்துகாட்டுகிறார். நன்கு முற்றி, ஆனால் பழுக்காத காயாக இருக்க வேண்டும். ஒருநாள் முந்தினால் மாவு சேராது, ஒருநாள் பிந்தினால் இனிப்பு ஏறிவிடும். கையிலும் கத்தியிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வெட்டுகிறார். இல்லாவிட்டால் பால் ஒட்டிக்கொண்டு ரெண்டு நாளைக்குப் போகாது. கொட்டையும் நாரும் நீக்கிய சுளைகளைத் தண்ணீர் படாமல் ஆவியில் வேகவைக்கிறார். சூடு ஆறுவதற்குள் மிளகாய் வற்றல், உப்பு, பெருங்காயம் சேர்த்து, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடாமல் அரைக்கிறார். எலுமிச்சை அளவு உருண்டையை எண்ணெய் தடவிய இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே வைத்து, அடிப்புறம் தட்டையான கிண்ணத்தால் ஓர் அழுத்து. அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒன்றாக விழ வேண்டும். நான் அழுத்தியது இலங்கை வரைபடம்போல் வந்தது. "சாரமில்லை, பொரிச்சா எல்லாம் ஒண்ணுதான்" என்றார் மாமியார் பெருந்தன்மையாக.

இரண்டு மூன்று நாள் வெயில். மத்தியானம் ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். நன்கு காய்ந்துவிட்டதா என்று கண்ணால் பார்ப்பதில்லை. ஒன்றின்மேல் ஒன்றைப் போட்டுச் சத்தம் கேட்கிறார்கள். கலகலவென்றால் டின்னுக்குள் போகலாம். மழை மேகம் வந்துவிட்டால் கதை முடிந்தது; பூசணம் பிடித்துவிடும். கோடை மழை தொடங்குவதற்கு முன் கிடைக்கும் சில வாரங்கள்தான் சம்பாத்தியத்துக்கு. கேரளப் பள்ளிகளில் வருஷப் பரீட்சையும் அதே மார்ச்சில். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து சக்கை நறுக்கி, ஆறு மணிக்குப் பையனை எழுப்பி, கிண்ணத்தை அழுத்திக்கொண்டே அவனுக்கு டிக்டேஷன் சொல்கிறார். "ஒரு வார்த்தை, ஒரு அப்பளாம். அப்படியே போயிண்டிருக்கும். அவன் தப்புப் பண்ணினா என் கையும் நின்னுடும்" என்று சிரிக்கிறார்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் கைவேலை செய்பவர்களிடம் ‘உங்களுக்கு யோசனை எப்படி வருகிறது' என்று கேட்டால் அமைதி, தனிமை, இயற்கை என்றெல்லாம் பதில் வராது. அவர்களுக்கு யோசனை வருவது இடைஞ்சலிலிருந்துதான். போன வருஷம் கூழ் வடாம் பிழியும்போது, தானும் பிழிவேன் என்று பையன் அழுதிருக்கிறான். அச்சு நாழியை அவனிடம் கொடுக்க முடியாது. காலிப் பால் பாக்கெட்டைக் கழுவி, ஒரு மூலையை வெட்டி, கூழை அடைத்துக் கொடுத்து உட்கார்த்திவிட்டார். பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் வேட்டி மேல் அவன் பெயர். மலையாள எழுத்துதான் ஏற்கெனவே முறுக்குபோல் சுழிந்து சுழிந்து போவதாயிற்றே, அழகாகவே வந்திருந்தது. காய்ந்ததும் பொரித்துத் தன் பெயரைத் தானே தின்றான்.

அந்தப் படம் மும்பையில் இருக்கும் நாத்தனாருக்கு வாட்ஸ்அப்பில் போனது. அங்கிருந்து பெங்களூருக்கு. ‘எங்க பேத்தி பேர் பண்ணித் தர முடியுமா' என்று கேட்டு வந்தது முதல் ஆர்டர். இப்போது சக்கை அப்பளத்துக்கு அடுத்தபடியாக அந்த வீட்டில் அதிகம் கேட்கப்படுவது எழுத்து வடாம்தான். பிஞ்சுக் கைகள் அவசரத்தில் போட்ட ஒரு கோணல் கோடு, இவருடைய யோசனையாகி, வருமானமாகிவிட்டது.

ஆனால் வருமானம் எவ்வளவு? இங்கேதான் நோட்டுப் புத்தகம் வருகிறது. பையனின் பழைய கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் சுத்தமான கோடு போட்டு எழுதிவைத்திருக்கிறார். சக்கை, மிளகாய், காயம், அரிசி, கேஸ், பாக்கெட், கூரியர். ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. சக்கை உரிக்க உதவிக்கு வரும் பெண்ணின் தினக் கூலிக்கும் ஒரு பத்தி. அதில் ஒருநாள்கூட விட்டுப்போகவில்லை. எல்லாம் கழித்து மிச்சம் இருப்பது கடைசிப் பத்தி: லாபம்.

"உங்கள் கூலி எங்கே?" என்றேன்.

"என் கூலியா?" அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "நான் ஆத்துல இருந்துண்டுதானே பண்றேன்?"

உதவிக்கு வந்த பெண்ணின் கையும் இவர் கையும் ஒரே நேரத்தில், ஒரே சக்கையை, ஒரே எண்ணெயைத் தடவிக்கொண்டு உரித்தன. ஒரு கைக்குப் பத்தி இருக்கிறது. இன்னொரு கைக்கு இல்லை. இவர் ‘லாபம்' என்று எழுதியிருப்பதில் பெரும்பகுதி இவருடைய கூலிதான். கூலியைத் தனியே எடுத்துவைத்துவிட்டு மிச்சத்தை எண்ணினால் சில வாரங்களில் லாபமே இருக்காது, நஷ்டம்தான் இருக்கும். அது தெரியாததால் நாத்தனாரின் சிநேகிதிகளுக்கு இன்னும் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கிறார்.

மாமியார் அதுவரை பேசாமல் மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். "நீ இப்போ பத்தி போடறே. எங்க காலத்துல கணக்கே எழுதப்படாது" என்று ஆரம்பித்தார். அவர் சொன்ன கதைக்குப் பின்னால் கேரளத்தின் சரித்திரம் இருக்கிறது. 1963ஆம் வருஷத்து நிலச் சீர்திருத்தச் சட்டம் 1969இல் திருத்தப்பட்டு, 1970 ஜனவரி 1 முதல் குத்தகை முறை ஒழிந்தது. உழுதவனுக்கு நிலம் கிடைத்தது, நியாயமான சட்டம். பாட்ட நெல்லை நம்பியிருந்த அக்ரகாரத்துச் சிறு குடும்பங்களுக்கு அன்றோடு பத்தாயம் காலி. டைப்பும் சுருக்கெழுத்தும் கற்ற ஆண்கள் அதற்கு முன்பிருந்தே பம்பாய்க்கும் தில்லிக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். இப்போது மிச்சம் இருந்தவர்களும் போனார்கள். மணியார்டர் வரும் வரை அடுப்பு எரிய வேண்டுமே?

"அப்பளாம் இட்டு வித்தோம். ஆனா வித்தோம்னு யாருக்கும் தெரியப்படாது. கொஞ்சம் இருட்டினப்புறம் என் அண்ணா வந்து டின்னை எடுத்துண்டு போவார். கோயம்புத்தூர்ல ஒரு கடையில குடுப்பார். ‘பிராமணாத்துல அப்பளாம் விக்கறாளா'ன்னு யாராவது கேட்டுட்டா என்ன பண்றது? அந்தக் காசுலதான் இவ ஆத்துக்காரனைப் படிக்க வெச்சேன். அவனுக்கே அது தெரியாது. இப்போதான் சொல்றேன்."

மருமகள் கிண்ணத்தை அழுத்துவதை நிறுத்திவிட்டு மாமியாரைப் பார்த்தார். பதினைந்து வருஷம் ஒரே சமையலறையில் இருந்தும் இந்தக் கதை அவருக்குத் தெரியாது.

இதே தெருவில் ஆண்கள் சமைத்ததற்கு மட்டும் வேறு பெயர் இருந்தது. கல்யாணம், திருவிழா என்றால் ஆயிரம் பேருக்குச் சமைக்கும் பாலக்காட்டுத் தேகண்டக்காரர்களுக்குக் கேரளம் முழுவதும் கிராக்கி. முன்பணம், கூலி, அங்கவஸ்திரம், பெயர் எல்லாம் உண்டு. அவர்கள் செய்தது தொழில். வீட்டுக்குள் தினமும் மூன்று வேளை நடந்தது கைப்புண்யம். ஒன்றுக்குக் கூலி, மற்றொன்றுக்குப் பாராட்டு. நான் தேடி வந்த சொல்லின் உள்ளே என்ன இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. மணம் என்றாலும் சரி, புண்ணியம் என்றாலும் சரி, இரண்டும் எடை போட முடியாதவை.

கைத்தொழில் செய்கிறவருக்கு உரியது போகாமல் இருந்த கதை பெண்களோடு மட்டும் முடிவதில்லை. பலாவின் காய் அப்பளமானால், அதன் மரம் மிருதங்கமாகிறது. பாலக்காட்டிலிருந்து கொல்லங்கோட்டுப் பக்கம் போனால் பெருவெம்பு. மிருதங்கம், செண்டை, மத்தளம், இடக்கை எல்லாம் வீட்டு முற்றத்திலேயே உருவாகும் கிராமம். பலாக் கட்டை, மாட்டுத் தோல், ஆட்டுத் தோல். அப்பன் வார் இழுக்கும்போது பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்கிறான். பாலக்காட்டு மத்தளத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. பாலக்காடு மணி அய்யர் (1912–1981) பெயரைக் கேட்டால் சங்கீதம் தெரியாதவர்கூடத் தலையாட்டுவார். அவருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த தஞ்சாவூர் பர்லாந்துவைப் பற்றி வெளியுலகம் விரிவாக அறிய, டி.எம். கிருஷ்ணாவின் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' 2020இல் வர வேண்டியிருந்தது.

கல்பாத்தி இன்னொன்றையும் மறந்துவிட முடியாது. பொதுத் தெருக்களில் எல்லோரும் நடக்கலாம் என்று சென்னை மாகாண அரசு 1924இல் சொன்ன பிறகும், அந்த வருஷத்துத் தேர்த் திருவிழாவில் இந்தத் தெருவுக்குள் வந்த ஈழவர்கள் தாக்கப்பட்டார்கள். நடக்கும் உரிமைக்காக ஆரிய சமாஜத்தில் சேர்ந்தவர்களும் உண்டு. இன்று தேரின்போது இதே தெருவில் நிற்க இடமிருக்காது. திண்ணையில் அப்பளமும் வற்றலும் வாங்குபவர்களின் ஜாதியை யாரும் கேட்பதில்லை. "எல்லாரும் வந்தாத்தானே வியாபாரம்" என்கிறார் மருமகள். தெரு எல்லோருக்கும் திறந்ததால் கடைசியில் பிழைத்தது திண்ணைதான்.

அப்பளத்துக்குக் கூலி கேட்பது புதிய யோசனையும் அல்ல. 1959 மார்ச் 15 அன்று பம்பாய் கிர்காமில் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் ஏழு குஜராத்திப் பெண்கள் கூடினார்கள். கடன் வாங்கிய 80 ரூபாய்தான் முதல். அன்று இட்டது நாலு பாக்கெட் அப்பளம். அதுதான் லிஜ்ஜத். இன்று நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் இருக்கிறார்கள். அந்த எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. எல்லோரும் லிஜ்ஜத்தின் வளர்ச்சியைத்தான் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதன் கணக்கு முறை. பிசைந்த மாவை வாங்கிப் போய் வீட்டில் இட்டுக் கொண்டுவரும் பெண்ணுக்கு முதலில் இட்ட கூலி. லாபம் அப்புறம், அதுவும் அவர்களுக்குள்தான் பங்கு. வீட்டில் இருந்து செய்தாள் என்பதற்காகக் கூலிப் பத்தி அழிந்துபோகவில்லை.

தமிழில் இதற்கு முன்னோடி உண்டு. இளம் வயதில் கணவரை இழந்து, சிறு மகனை வளர்க்க வேண்டியிருந்த எஸ். மீனாட்சி அம்மாள், தன் கைமணத்தை அளவும் பக்குவமுமாக எழுதி 1951இல் ‘சமைத்துப் பார்' என்று புத்தகமாக்கினார். கையில் இருந்ததைத் தாளில் இறக்கியவுடன் அதற்கு ஒரு விலை அச்சாகிவிட்டது. ஆமதாபாத்தில் இளா பட் 1972இல் தொடங்கிய ‘சேவா' அமைப்பு, வீட்டில் இருந்தபடி பீடி சுற்றுபவளும் துணி தைப்பவளும் தொழிலாளிதான் என்று வாதாடிக்கொண்டே இருந்தது. 1996இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டுத் தொழிலுக்கென்றே ஓர் ஒப்பந்தம் கொண்டுவந்ததில் அந்த வாதத்துக்கும் பங்கு உண்டு. கேரளத்திலேயே 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீயில் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள். பலாவைக் கேரளம் 2018இல் மாநிலப் பழமாக அறிவித்த பிறகு சக்கைப் பண்டங்களுக்குக் கொஞ்சம் மவுசும் கூடியிருக்கிறது. அப்பளத்துக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. வெளியே எல்லாம் தயார். நோட்டுப் புத்தகத்தில் ஒரு பத்திதான் பாக்கி.

இதையெல்லாம் அந்த அம்மாளிடம் உபதேசமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் நடுவில் ஒரு கேள்வி கேட்டார். "அக்கா, உங்களுக்கு ஒரு பக்கத்துக்கு என்ன தரா?"

சொன்னேன்.

"ஒரு பக்கம் பண்ண எத்தனை மணி ஆகும்?"

பதில் இல்லை. இருபது வருஷமாக மொழிபெயர்க்கிறேன். என் பெண் தூங்கிய பிறகு சமையலறை மேஜையில்தான் முக்கால்வாசி வேலை. ‘கைப்புண்யம்' என்ற ஒரு சொல்லுக்காக ரயில் டிக்கெட் எடுத்து வந்திருக்கிறேன், அந்த டிக்கெட் எந்தப் பக்கத்தின் கணக்கில் சேரும்? ஒரு புத்தகத்துக்குப் பணம் கேட்டு எட்டு மாதம் கடிதம் எழுதியபோது, ‘நீங்கள் வீட்டில் இருந்துதானே செய்கிறீர்கள்' என்று ஒரு பதிப்பாளர் சொன்னது நினைவுக்கு வந்தது. அன்று எனக்கு வந்த கோபம், அதே வாக்கியத்தை இவர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டபோது எனக்கு ஏன் இரக்கமாக மாறியது என்று தெரியவில்லை. இரண்டு பேரும் ஒரே பத்தியை விட்டுவிட்டவர்கள்தான்.

பிற்பகலில் பையன் ஒரு மனுவோடு வந்தான். சென்னையிலிருந்து ஒரு பாட்டி, வெளிநாட்டில் இருக்கும் பேரனுக்காகத் தமிழ் எழுத்து வடாம் கேட்டிருக்கிறார். அ முதல் ஃ வரை. வீட்டில் யாருக்கும் எழுதத் தெரியாததால் ஆர்டர் கிடப்பில் இருக்கிறது. தமிழ் எம்.ஏ. படித்ததன் பயன் அன்று எனக்கு முழுதாகக் கிடைத்தது. பதின்மூன்று எழுத்துக்களையும் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். அவன் ஒவ்வொன்றின் மேலும் விரலை ஓட்டிப் பார்த்து, எது உடையும், எது உடையாது என்று தரம் பிரித்தான். ‘உ' நல்ல எழுத்து. ‘ஈ' கொஞ்சம் கஷ்டம். ‘ஔ' இரண்டாக உடைந்துவிடும். ‘ஃ' என்றால் வெறும் மூணு பொட்டு, "இதுக்கும் அதே காசுதானே?" என்று கேட்டான். அவனுக்குக் கணக்கு வரும் என்று தோன்றியது.

சாயங்காலம் ஆற்றுக் காற்று எழுந்தபோது பாய்களைச் சுருட்டினார்கள். அப்பளங்கள் டின்னுக்குள் கலகலத்தன. அம்மா நோட்டை எடுத்து, கூரியருக்கும் லாபத்துக்கும் நடுவே ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டார். தலைப்பில் மலையாளத்தில் ஒரு சொல்லை எழுதிவிட்டு என் பக்கம் திருப்பிக் காட்டினார். கூலி. மலையாளத்திலும் அதே சொல்தான். கைமணத்துக்கும் கைப்புண்யத்துக்கும் நடுவே நான் நாள் கணக்காகத் திண்டாடினேன். இந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. உதவிக்கு வரும் பெண்ணுக்கு ஒரு மணி நேரத்துக்கு என்ன விழுகிறது என்று பார்த்து, தன் மணிகளை அதால் பெருக்கினார். வந்த தொகையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசவில்லை. மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கும் போடு. மிளகாய் நான்தானே கிள்ளினேன்" என்றார்.

விலையைக் கூட்டினால் வாங்குபவர்கள் குறைவார்களோ என்ற பயம் நியாயமானது. குறையலாம். ஒரு வேளை அடுத்த வருஷம் அவர் அதிகம் கேட்கப்படும் எழுத்து வடாத்தை மட்டும் வைத்துக்கொண்டு, முதுகை ஒடிக்கும் சக்கை வேலையைப் பாதியாகக் குறைக்கலாம். அல்லது நாலு வீட்டுப் பெண்கள் சேர்ந்து ஒரே டின்னில் போடலாம். எதைச் செய்வது என்று தீர்மானிக்க இனி அவரிடம் ஓர் எண் இருக்கிறது. பரீட்சை நேரத்தில் விடியற்காலை நாலு மணிக்கு எழுவது தகுமா என்று கேட்டுக்கொள்ளவும் அந்த எண் வேண்டும்.

மறுநாள் கிளம்பும்போது இரண்டு பாக்கெட் சக்கை அப்பளமும் ஒரு பாக்கெட் எழுத்து வடாமும் வாங்கிக்கொண்டேன். பர்ஸைத் திறந்ததும் அம்மா வழக்கம்போல் கையை ஆட்டினார். "அதெல்லாம் இருக்கட்டும் அக்கா. சாரமில்லை."

திண்ணையில் உட்கார்ந்து ‘ஈ' எழுதிப் பழகிக்கொண்டிருந்த பையன் தலையைத் தூக்காமலே புது விலையைச் சொன்னான்.

எண்ணிக் கொடுத்தேன். அம்மா வாங்கிக்கொண்டார்.